ஒரே படம் ஏழு தடவை: உம்மாவின் போனைத் துப்புரவாக்கிய கதை



பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது பாடத்தைப் பற்றிய சந்தேகம் என்று நினைக்காதீர்கள். "டீச்சர், ஸ்டோரேஜ் ஃபுல் என்று போன் சொல்லுது, என்ன செய்ற?" "சேர், மெயில் அனுப்பினதாம், எங்களுக்கு வரவே இல்ல." இவைதான் அதிகம். வீட்டில் இருவரும் ஆசிரியர்கள் என்பதால் கேள்விகளும் இரட்டிப்பாக வரும்.

இம்முறை நோன்பு விடுமுறையில், தறாவீஹ் முடிந்து வந்த பத்துப் பன்னிரண்டு இரவுகளில், எங்கள் வீட்டிலேயே இந்த வேலையைச் செய்து முடித்தோம். அல்ஹம்துலில்லாஹ். எப்படிச் செய்தீர்கள் என்று பலர் கேட்டதால் ஒரேயடியாக எழுதி வைக்கிறோம். நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயதான உம்மா வாப்பா இருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் நிரம்புவது எது என்று தெரிய வேண்டும். கூகுள் கணக்கொன்றுக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜீபீ. இந்த 15 ஜீபீயும் படங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜீமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூன்றும் சேர்ந்துதான் அதில் குடியிருக்கின்றன. அன்ட்ரொயிட் போன் வைத்திருப்பவர்களின் வட்ஸ்அப் பக்கப்பும் 2024ஆம் ஆண்டு முதல் அதே கணக்கில் சேர்கிறது. ஆகவே படம் நிரம்பினால் மெயிலும் நிற்கும். புதிதாகப் படம் ஏறாது, மெயில் அனுப்பவும் முடியாது, வரவும் செய்யாது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் பிள்ளையின் பல்கலைக்கழகப் பதிவுக் கடிதமும் மெயிலில் வருகின்ற காலத்தில் இது சின்ன விடயமல்ல. இரண்டு வருடங்கள் தொடர்ந்து அளவுக்கு மேல் நிரம்பியே கிடந்தால் உள்ளே இருப்பவற்றை அழிக்கவும் கூடும் என்று கூகுளின் விதியிலேயே இருக்கிறது.

"2021க்கு முன்னர் இப்படியில்லையே" என்று சிலர் சொல்வது சரி. 2021 ஜூன் முதலாம் திகதி வரை "உயர் தரம்" என்ற அளவில் ஏற்றிய படங்கள் 15 ஜீபீயில் கணக்கெடுக்கப்படவில்லை. அதற்குப் பின்னர் ஏற்றியவை எல்லாமே கணக்கு. இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2021 ஜூனுக்கு முன்னர் அந்த அளவில் ஏற்றிய படங்களை எத்தனை ஆயிரம் அழித்தாலும் இடம் கூடப் போவதில்லை. இடம்தான் உங்கள் பிரச்சினை என்றால் அதற்குப் பிந்திய படங்களில் இருந்து தொடங்குங்கள். பழையவற்றில் கை வைப்பதானால் அது தேடும்போது இலகுவாகக் கிடைப்பதற்காக மட்டுமே.

நாங்கள் எடுத்துக்கொண்டது உம்மாவின் கணக்கு. எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. நாங்கள் இருப்பதும் உம்மாவின் வீட்டில்தான். திறந்து பார்த்தபோது 15 ஜீபீயில் 14.7 முடிந்திருந்தது. படங்களும் வீடியோக்களும் 10.9, வட்ஸ்அப் பக்கப் 2.6, மெயில் 1, மிச்சம் ட்ரைவில். சராசரியாக ஒரு படம் 3 எம்பீ என்று வைத்தால் 15 ஜீபீயில் ஐயாயிரம் படங்கள்தான் கொள்ளும். உம்மா அத்தனை படம் எடுப்பவரல்ல. பிறகு எப்படி நிரம்பியது?

உள்ளே போனால் விடை கிடைத்தது. நம் எல்லாருடைய போனிலும் இதே விடைதான் இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முபாறக் பூக்கள். ஒரே மருத்துவக் குறிப்பு ஆறு குழுக்களில் இருந்து. பேரப்பிள்ளை படித்த ஸூறா ஒன்றின் வீடியோ, சின்னதாகவும் பெரிதாகவும் மூன்று தடவை. கல்யாண வீட்டுப் படங்கள் மாப்பிள்ளை பக்கக் குழுவிலிருந்து ஒரு தொகுதி, பெண் பக்கக் குழுவிலிருந்து ஒரு தொகுதி. 2020இல் பாடசாலைகள் மூடிய காலத்தில் பேரப்பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளைப் படம் பிடித்து அனுப்பியதும் உம்மாவின் போன்தான். அந்தப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் அப்படியே இருந்தன.

"கூகுள் ஒரே படத்தை இரண்டு தடவை ஏற்றாது என்று சொல்றாங்களே?" என்று கேட்பீர்கள். அதிலும் பாதி உண்மை உண்டு. ஏற்றும்போது ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் கணிக்கப்படுகிறது. கைரேகை அச்சொட்டாக ஒத்தால் இரண்டாவதை விட்டுவிடும். ஆனால் வட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது அப்படியே அனுப்புவதில்லை. அழுத்திச் சின்னதாக்கித்தான் அனுப்புகிறது. 3 எம்பீ படம் 200 கேபீயாகி வரும். எடுத்த திகதி, எடுத்த இடம் போன்ற உள் விபரங்களும் வழியிலேயே உதிர்ந்துவிடும். நம் கண்ணுக்கு ஒரே படம், கைரேகை வேறு. ஒரே கரை போட்டு இரண்டு தறியில் நெய்த சாரனைப் போல. கடையில் வாங்குபவருக்கு இரண்டும் ஒன்று, நெய்தவருக்கு வேறு வேறு.

திகதி உதிர்ந்துவிடுவதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. 2018இல் எடுத்த படத்தை ஒருவர் 2023இல் அனுப்பினால் அது 2023க்குக் கீழே போய் உட்காரும். இரண்டு பிரதியும் பக்கத்தில் பக்கத்தில் வராது. ஆகவே மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனால் கண்ணில் படாது. முகத்தை வைத்துத் தேடினால்தான் படும்.

இனி உம்மாவின் கதைக்கு வருகிறோம். வேலை தொடங்கிய முதல் இரவே நின்றுபோனது. அழிக்கப் போகிறோம் என்றதும் உம்மா போனை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"கடல் கொண்டு போனது காணாதா மகள்? நீங்களும் ஏன் அழிக்கிறீங்க?"

எங்கள் பக்கத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டத்துக் கரையோரம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வரிசையாக வீடுகள் போயின. எங்கள் குடும்பத்தில் உயிர் தப்பியவர்களுக்கு வீடு மிஞ்சவில்லை. வாப்பாவின் தறி, பாவு, நூல் கட்டுகள், அலுமாரி, அந்த அலுமாரிக்குள் இருந்த கல்யாண அல்பம் எல்லாம் போனது. பிள்ளைகளின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. எங்களில் ஒருவர் தரம் ஒன்றில் எப்படி இருந்தார் என்று எங்கள் மகன் கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

அப்படியான ஒருவரிடம் "இது டூப்ளிகேட் உம்மா, அழிக்கலாம்" என்று சொன்னால் அது அவருடைய காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். போன் நிரம்புவது உம்மாவுக்குக் கவலை தரும் விடயமே இல்லை. நிரம்பியிருப்பதுதான் நிம்மதி. வயதானவர்கள் போனில் எதையும் அழிக்க விடுவதில்லை என்று பலர் எங்களிடம் சலித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

இரண்டு நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் உம்மாவே தன்னுடைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். வாப்பாவின் இருபத்தைந்து வயதுப் படம். அடையாள அட்டைக்காக எடுத்தது. கடலுக்குப் பிறகு மிஞ்சிய ஒரே பழைய படம் அது. எப்படி மிஞ்சியது என்று கேட்டோம். சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் ஒரு பிரதி கிடந்ததாம். கடல் வராத ஊர். அதனால் தப்பியது.

"உம்மா, நம்ம வீட்டில இந்தப் படம் எத்தனை கொப்பி இருந்திருக்கும்?"

"அஞ்சாறு இருந்திச்சு. கல்யாணம் பேசக்குள்ள எடுத்து வெச்சது."

"அந்த அஞ்சாறும்?"

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாச்சிட ஊட்ட இருந்ததால தானே இது தப்பிச்சிது" என்றார்.

இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வந்ததே இதுதான். ஒரே வீட்டுக்குள் இருக்கும் ஆறு பிரதியும் ஒரு பிரதிதான். வேறு ஊரில் இருக்கும் ஒரு பிரதி, இன்னொரு பிரதி. ஒரே கணக்குக்குள் ஒரே படம் ஏழு தடவை இருந்தால் அது பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். பாஸ்வேட் மறந்தால், போனோடு கணக்கும் பறிபோனால், ஏழும் ஒன்றாகத்தான் போகும். ஏழைக் குறைத்து ஒன்றாக்கி, அந்த ஒன்றை மூன்று இடங்களில் வைத்தால் அதுதான் காப்பு. உம்மாவுக்கு இது எங்களைவிட நன்றாக விளங்கியது. போன் திரும்பக் கைக்கு வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: வாப்பா இருக்கும் எந்தப் படத்தையும் உம்மாவிடம் காட்டாமல் அழிக்கக் கூடாது.

அந்த நிபந்தனை நல்லதாகப் போயிற்று. வாப்பா தறியில் இருக்கிறார், மூத்த பேரன் மடியில். 2018இல் உம்மாவின் போனிலேயே எடுத்த படம். முகத்தை வைத்துத் தேடியபோது அது ஏழு இடங்களில் வந்தது.

1. போனில் எடுத்த அசல்.
2. கத்தாரில் இருக்கும் ராத்தா திருப்பி அனுப்பிய சின்னப் பிரதி.
3. நானா தன் ஸ்டேட்டஸுக்காக ஓரத்தை வெட்டியது.
4. ராத்தா பேஸ்புக்கில் போட்டதன் ஸ்கிரீன்சொட்.
5. பூச்சட்டம் போட்டுப் பெருநாள் வாழ்த்து எழுதியது.
6. வாப்பா வபாத்தான அன்று ஜனாஸா அறிவித்தலோடு வந்தது.
7. அதே அறிவித்தலை யாரோ ஸ்கிரீன்சொட் எடுத்து அனுப்பியது.

இயந்திரத்திடம் விட்டிருந்தால் முதலாவதை வைத்துவிட்டு ஆறையும் தள்ளச் சொல்லும். நாங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம். உம்மா நாலாவதில் விரலை வைத்தார். அந்த ஸ்கிரீன்சொட்டின் கீழே உறவினர்கள் எழுதியவை இருந்தன. அதில் எழுதிய இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. ஆறாவதையும் வைக்கச் சொன்னார். நல்லடக்கம் எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளி மையவாடியில் என்று அதில் எழுதியிருந்தது. ஐந்தாவதைப் பார்த்து, "இந்தப் பூவெல்லாம் என்னத்துக்கு, அழிங்க" என்றார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு போயின. ஒன்று, நாலு, ஆறு இருக்கின்றன.

ஒரே படம் என்பதாலேயே ஒரே பொருள் என்றாகிவிடாது. படத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். யாராவது எழுதிய வார்த்தை, ஒரு திகதி, ஒரு துஆ. சேர்ந்திருந்தால் அது வேறு படம். எதுவும் சேரவில்லை, தரம் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் அது வெறும் பிரதி. இந்த ஒரு கேள்வி போதும், முக்கால்வாசி முடிவை எடுத்துவிடலாம்.

வாப்பாவின் போனில் இருந்த கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாப்பா 2022இல் வபாத்தானார். இரண்டு வருடங்கள் யாரும் உள்ளே போகாத கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கணக்கு போனால் அதிலுள்ள படங்களும் போகும். வாப்பாவின் போனும், கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த பாஸ்வேட்டும் எங்கள் கையில் இருந்ததால், 2024 தொடக்கத்திலேயே உள்ளே போய் கணக்கை உயிரோடு வைத்திருந்தோம். இந்த நோன்பில்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள். முக்கால்வாசி சாரன் கரைகள். வியாபாரிகளுக்கு அனுப்புவதற்காக எடுத்தவை. கை நடுங்குவதால் ஒவ்வொரு கரையையும் நாலைந்து தடவை எடுத்திருக்கிறார். தெளிவான ஒன்றை வைத்து மற்றதை அழித்தோம். அதில் எங்களுக்கும் உம்மாவுக்கும் தயக்கம் இருக்கவில்லை. சில கரைகளை இப்போது நெய்ய ஆளில்லை. அவற்றை மட்டும் தனி அல்பமாக்கி, எந்தக் கரைக்கு என்ன பெயர் என்று உம்மாவிடம் கேட்டு எழுதினோம். வாப்பாவோடு நாற்பது வருடம் நூல் சுற்றியவர். பெயர்கள் எல்லாம் நினைவில் இருந்தன. இருநூறு மங்கல் படங்களுக்குள் கிடந்தவரை அவை யார் கண்ணிலும் படவில்லை.

உங்கள் வீட்டில் மவுத்தானவர்களின் கணக்கு ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால், இந்தப் பதிவை வாசித்து முடிந்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்குக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. கூகுள் கணக்கின் செட்டிங்ஸில் "இன்எக்டிவ் அக்கவுண்ட் மனேஜர்" என்று இருக்கும். நீங்கள் குறிப்பிட்ட மாதங்கள் கணக்கைப் பாவிக்காவிட்டால், நீங்கள் நம்பும் ஒருவருக்கு அறிவித்து, படங்களை எடுக்க அனுமதி கொடுக்கும். வஸிய்யத் எழுதி வைக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இனி வேலைக்கான ஒழுங்கு. இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் பிரதி எடுங்கள். கொம்பியூட்டர் இருப்பவர்கள் கூகுளின் "டேக்அவுட்" என்ற வசதியால் எல்லாப் படங்களையும் ஒரேயடியாக இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போடலாம். திகதி விபரங்கள் சின்னச் சின்னத் தனிக் கோப்புகளாகவும் வரும், அவற்றைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கொம்பியூட்டர் இல்லாதவர்கள் முக்கியமான நூறு படங்களையாவது வேறொருவரின் போனுக்கு "டொக்யூமென்ட்" ஆக அனுப்பி வையுங்கள். அப்படி அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சின்னதாக்காது.

2. குழாயைப் பூட்டுங்கள். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது வீட்டைத் துடைத்துப் பயனில்லை. கூகுள் போட்டோஸ் செட்டிங்ஸில் பக்கப் பகுதிக்குப் போனால் எந்தெந்த ஃபோல்டர்கள் ஏறுகின்றன என்று காட்டும். வட்ஸ்அப் படங்களின் ஃபோல்டரை அங்கே நிறுத்துங்கள். வட்ஸ்அப்பிலும் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்தலாம். டேட்டாவும் மிஞ்சும்.

3. வட்ஸ்அப்பின் உள்ளே "மனேஜ் ஸ்டோரேஜ்" இருக்கிறது. பல தடவை ஃபோர்வட் ஆனவை, 5 எம்பீக்கு மேற்பட்டவை என்று அதுவே பிரித்துத் தரும். பெரிய வீடியோக்களை அங்கே முடித்துவிட்டால் பக்கப்பும் சிறுக்கும். உம்மாவின் 2.6 ஜீபீ 1.1க்கு இறங்கியது இப்படித்தான்.

4. போனுக்குள் ஒரே கோப்பு இரண்டு தடவை இருந்தால் கூகுளின் "ஃபைல்ஸ்" செயலி "டூப்ளிகேட்" என்று காட்டும். அது போனில் உள்ளதைத்தான் பார்க்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் போட்டோஸிலேயே "டூப்ளிகேட்ஸ்" என்று ஓர் அல்பம் உண்டு. அங்கே "மேர்ஜ்" கொடுத்தால் தரமானதை வைத்து மற்றதை அகற்றும். ஐகிளவுட்டில் இலவசம் 5 ஜீபீ மட்டுமே என்பதால் அவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

5. கூகுள் போட்டோஸில் முதலில் "மனேஜ் ஸ்டோரேஜ்" பகுதிக்குப் போங்கள். பெரிய வீடியோக்கள், ஸ்கிரீன்சொட்கள், மங்கலான படங்கள் என்று பிரித்திருக்கும். பெரிய வீடியோக்களில் தொடங்குங்கள். பத்து வீடியோ அழிப்பது ஆயிரம் பூப்படம் அழிப்பதற்குச் சமம். மங்கலானவற்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். வாப்பாவின் குரல் கேட்கும் ஒரு வீடியோ மங்கலாக இருந்தால் என்ன?

6. பிறகு ஒவ்வொரு முகமாகத் தேடுங்கள். இரண்டு பிரதி கண்டால் இரண்டின் விபரத்தையும் மேலே தள்ளிப் பாருங்கள். எம்பீ கூடியது, கமராவின் பெயர் இருப்பது, எடுத்த நேரம் சரியாக இருப்பது அசல். கோப்பின் பெயரில் "டபிள்யூ ஏ" என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் அது வட்ஸ்அப் வழியாக வந்தது. அசல் உங்களிடம் இல்லாமல் வட்ஸ்அப் பிரதி மட்டுமே இருந்தால் அழிக்காதீர்கள். எடுத்தவரிடம் கேளுங்கள். நாங்கள் ராத்தாவிடம் கேட்டதில் நாற்பது படங்களுக்கு அசல் கிடைத்தது.

7. ஒரு படம் மூன்று அல்பங்களில் இருப்பதால் மூன்று பிரதி என்று நினைக்காதீர்கள். அல்பம் ஒரு பட்டியல் மட்டுமே, இடம் பிடிக்காது. ஆனால் படத்தையே "டிலீட்" செய்தால் எல்லா அல்பத்திலிருந்தும் போகும். பக்கப் ஆன படத்தை கூகுள் போட்டோஸ் செயலியில் அழித்தால் போனிலிருந்தும் போகும், கணக்கிலிருந்தும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்பதை அழுத்துங்கள். அது கணக்கில் பத்திரமாக ஏறியதை மட்டும் போனிலிருந்து எடுக்கும். இந்த இரண்டு பொத்தானுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

8. அழித்தவை உடனே போய்விடாது. பக்கப் ஆனவை 60 நாட்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும், பக்கப் ஆகாதவை 30 நாட்கள். அவசரமில்லை என்றால் ஒரு மாதம் அப்படியே விடுங்கள். ஏதாவது தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். அதன் பிறகு தொட்டியைக் காலி செய்யுங்கள். இடம் அப்போது கிடைக்கும்.

ஒரேயடியாக எல்லாப் பிரதிகளையும் கண்டுபிடித்துத் தருவோம் என்று விளம்பரம் செய்யும் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 2025 மார்ச் 31க்குப் பிறகு வெளிச் செயலிகள் உங்கள் கூகுள் போட்டோஸ் தொகுப்பு முழுவதையும் வாசிக்கும் அனுமதியை கூகுள் எடுத்துவிட்டது. அதற்குப் பின்னும் முழுக் கணக்கையும் துப்புரவாக்குகிறோம், பாஸ்வேட்டைத் தாருங்கள் என்று ஒன்று கேட்டால் விலகிப் போங்கள். வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்கள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கொம்பியூட்டரில் இறக்கிய படங்களுக்கு "டிஜிகேம்" என்ற இலவச மென்பொருள் உண்டு. அது அழுத்திச் சிறிதாக்கிய பிரதிகளையும் ஓரளவு ஒத்தவை என்று கண்டுபிடிக்கும். படம் வெளியே எங்கும் போகாது.

மாதக் காசு கட்டி இடத்தைக் கூட்டலாமே என்றால், கூட்டலாம். வியாபாரத்துக்குப் படம் தேவைப்படுபவர்கள் கட்டத்தான் வேண்டும். ஆனால் பூக்களுக்கும் ஃபோர்வட்களுக்கும் மாதம் மாதம் வாடகை கட்டுவது வீண்விரயம். முதலில் கூட்டித் துடைத்துவிட்டு, பிறகு இடம் போதுமா என்று பார்ப்போம்.

ஆசிரியர் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் போன்களில் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. விளையாட்டுப் போட்டி, கலை விழா, 2020, 2021இல் வந்த பயிற்சித் தாள்கள். பயிற்சித் தாள்களின் வேலை முடிந்துவிட்டது, அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் படங்கள் நமக்குச் சொந்தமானவையல்ல, அமானிதம். பாடசாலையின் பதிவுக்குத் தேவையானதைப் பாடசாலையிடம் ஒப்படைத்துவிட்டு, நம் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதே முறை. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது எத்தனை பேருடைய கணக்கில் தங்கள் முகம் கிடக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

எங்கள் கணக்கு முடிவில் இப்படி வந்தது. படமும் வீடியோவுமாக 3,800 அளவில் போயின. 14.7 ஜீபீயாக இருந்தது இப்போது 8.4. உம்மாவின் மெயிலும் வேலை செய்கிறது, உம்ரா குழுவிலிருந்து வரும் கடிதங்கள் தவறுவதில்லை. வாப்பாவின் படங்கள் 212 தேறின. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை, பெயரும் வருடமும் எழுதி. அவை உம்மாவின் கணக்கில் ஒன்று, ராத்தாவின் போனில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. பகிர்ந்த அல்பத்தில் பார்ப்பது மட்டும் போதாது, போட்டவர் அழித்தால் எல்லாருக்கும் போய்விடும் என்று சொல்லி ராத்தாவைத் தன் போனில் இறக்கியே வைக்கச் சொன்னோம். பிஸ்கட் டின்னில் இருந்த படத்தையும் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேராக வைத்துப் படம் பிடித்து அதோடு சேர்த்தோம். இத்தனை வருடமும் போனுக்குள் ஏறாமல் இருந்தது அந்த ஒரு படம்தான்.

ஹார்ட் டிஸ்க்கை எங்கே வைப்பது என்று உம்மாவிடம் கேட்டோம். யோசிக்காமல் சொன்னார், "சம்மாந்துறைக்குக் குடுத்து அனுப்புங்க."

போன பெருநாளுக்கு சாச்சி வீட்டுக்குப் போனபோது கொண்டுபோய்க் கொடுத்தோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின், ஒரு அல்பம், ஒரு பழைய போன் இருக்கும். அதில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். எங்களைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள். இந்தப் பதிவை மற்றவர்களுக்கு அனுப்புவதானால் ஸ்கிரீன்சொட் எடுத்து அனுப்ப வேண்டாம், லிங்க்கை மட்டும் அனுப்புங்கள்!

நம்மை விட்டுப் பிரிந்தவர்களின் கப்றுகளை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.